அந்தரங்கம் ஓர் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டுதோறும் இம்மேடையில் வரவு செலவுக் கணக்கை வாசிப்போம்; கட்டடப் பணிகளைப் பற்றிப் பேசுவோம்; மத்ரஸாவின் தேர்ச்சி விவரங்களைச் சொல்வோம். இவ்வாண்டு இணையக் காலத்தில் தனிமனிதரின் அந்தரங்க உரிமை என்னும் பொருளைப் பேச எடுத்துக் கொண்டுள்ளோம். ‘பள்ளிவாசல் கூட்டத்தில் இது எதற்கு?’ என்று சிலர் எண்ணக்கூடும். எதற்கு என்பதை நாம் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குவது நேர்மையாகும் எனக் கருதுகின்றோம்.

நம் கையால் நேர்ந்த பிழை

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் பைத்துல்மாலிலிருந்து மாணவ மாணவியர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்கினோம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், உதவி பெற்றோரின் பட்டியலை மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டோம். அதில் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தெரு, தொகை, கைப்பேசி எண் யாவும் இருந்தன. பதிவிட்ட ஒரு மணி நேரத்திற்குள் அப்பட்டியல் நமது குழுவைக் கடந்து வேறு பல குழுக்களுக்குச் சென்றுவிட்டது. நல்லதொரு செயலைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவில் நாமும் இருந்துவிட்டோம்.

இரண்டு நாட்களில் இரண்டு செய்திகள் வந்தன. ஒரு தாயாருக்கு முன்பின் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவன் மகனின் பெயரைச் சொன்னான். கிடைத்த தொகையைச் சொன்னான். மேலும் ஒரு தவணை வரவிருக்கிறது என்று கூறி, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டான். இவ்வளவு விவரம் தெரிந்தவர் பள்ளிவாசல் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் நம்பினார். வங்கிக் கணக்கில் இருந்த சேமிப்பு போய்விட்டது. மற்றொரு தாயார், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்காகப் பெற்ற தொகையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து நமது அலுவலக மேசையில் வைத்தார். உடன் படிக்கும் மாணவியரின் கைப்பேசிகளில் எல்லாம் அந்தப் பட்டியல் இருந்ததாம். “காசு திரும்ப வந்துவிட்டது, எங்கள் பெயரைத் திரும்ப எடுக்க முடியுமா, தம்பி?” என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. குழுவிலிருந்து பட்டியலை நீக்கினோம். ஆனால் பிறர் கைப்பேசிகளுக்குச் சென்றுவிட்ட படிகளை எவராலும் நீக்க இயலாது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியிட்ட அந்தரங்கத்தைத் திரும்பப் பெற முடியாது என்னும் பாடத்தை அன்று கற்றுக் கொண்டோம். அந்த இரு குடும்பங்களிடமும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். இச்சபையின் முன்னும் அதனைப் பதிவு செய்கின்றோம்.

கதவும் அனுமதியும்

அந்தரங்க உரிமை என்றதும், தவறு செய்தவர் அதை மறைப்பதற்கான வழி என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நம் வீடுகளுக்குக் கதவு உண்டு. உள்ளே குற்றம் நடக்கிறது என்பதற்காகவா கதவை வைத்தோம்? உண்பதும் உறங்குவதும் நோயில் கிடப்பதும் கணவனும் மனைவியும் பேசிக் கொள்வதும் குற்றங்கள் அல்ல. ஆயினும் அவற்றை ஊர் பார்க்க வேண்டியதில்லை. எதை, எவருக்கு, எந்த அளவில் தெரியப்படுத்துவது என்பதை அம்மனிதரே முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவெடுக்கும் அதிகாரமே அந்தரங்க உரிமையாகும்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்றும், திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும் என்றும் திருமறையின் அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கின்றது. அதே அத்தியாயம், ஒரே வீட்டில் வாழும் சிறுவர்கூட ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் வர வேண்டும் என்கின்றது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடை செய்கின்றது. ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தினுள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் முறை ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று அவர்கள் கண்டித்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கின்றோம். கால் வாசலைத் தாண்டாவிடினும் கண் தாண்டினால் அதுவும் அத்துமீறலே என்பதை இதிலிருந்து அறிகின்றோம். இன்று அந்தத் துவாரம் நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கின்றது.

சட்டம் நடந்து வந்த பாதை

மேலை நாடுகளில் இவ்வுரிமை பற்றிய சட்டச் சிந்தனையைத் தூண்டியதும் ஒரு கருவியே. எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய கேமராக்களும் வீட்டு விவகாரங்களை எழுதும் செய்தித்தாள்களும் பெருகிய காலத்தில், 1890ஆம் ஆண்டு, சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் இவ்வுரிமையைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினர். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆம் பிரிவு, ஒருவரின் அந்தரங்கம், குடும்பம், வீடு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் எவரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என வகுத்தது.

நம் நாட்டில் இப்பாதை நீண்டதாக இருந்தது. 1954இல் எட்டு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அரசியலமைப்பில் இவ்வுரிமைக்கு இடம் காணவில்லை. கொள்ளை வழக்கில் போதிய சான்றின்றி விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவை உத்தரப் பிரதேசக் காவலர்கள் நள்ளிரவில் தட்டிக் கொண்டே இருந்தனர். 1962இல் அவர் வழக்கை விசாரித்த நீதிமன்றம், இரவில் வீடு புகுந்து சோதிப்பது செல்லாது என்று கூறியது. எனினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றே பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி சுப்பாராவ் மட்டும் நீதிபதி ஷாவுடன் இணைந்து மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்.

அடுத்த முக்கிய வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்றது. மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முற்பட்டதும், சிறைத்துறை அதற்குத் தடை போட முயன்றதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1994இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் இரு பக்கமும் பொருந்தும் அளவுகோலை வகுத்தது. அதிகாரிகள் தங்கள் அலுவல் தொடர்பான செய்திகளை அந்தரங்கம் என்று கூறி முன்கூட்டித் தடுக்க முடியாது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். ஆனால் ஒரு குடிமகனின் குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றை அவர் இசைவின்றி எவரும் வெளியிடக் கூடாது. கல்வி என்னும் சொல் இதில் இருப்பதைக் கவனியுங்கள். நாம் பதிவிட்ட பட்டியல் கல்வியைப் பற்றியதே.

பின்னர் ஆதார் திட்டத்தை எதிர்த்து, எண்பது வயதைக் கடந்த ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி புட்டசாமி அவர்கள் 2012இல் வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றும், உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் பிரிவில் அது அடங்கியுள்ளது என்றும் தீர்ப்பளித்தனர். பழைய இரு தீர்ப்புகளும் அந்த அளவில் விலக்கப்பட்டன. அரசு இதில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் வேண்டும். நியாயமான நோக்கம் வேண்டும். நோக்கத்திற்கு மிஞ்சாத அளவும் வேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் திட்டத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்றுக் கொண்ட போதிலும், வங்கிக் கணக்குடனும் கைப்பேசி எண்ணுடனும் அதனைக் கட்டாயமாக இணைப்பது செல்லாது என்றது.

நாமறியாமல் செல்லும் நம் விவரம்

அரசிடமிருந்து காத்துக் கொள்வதைப் பற்றியே நெடுங்காலம் பேசினோம். இன்று வணிக நிறுவனங்கள் நம்மை அரசைவிட நெருக்கமாக அறிந்துள்ளன. கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றும்போது, இருக்குமிடம், தொடர்பு எண்கள், புகைப்படங்கள், ஒலிவாங்கி என்று அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கின்றது. நாம் வாசிக்காமலே ஒப்புதல் அளிக்கின்றோம். வாசலில் ஸலாம் கூறி அனுமதி கேட்பவரைப் போல்தான் அதுவும் கேட்கின்றது. ஆனால் உள்ளே வந்தவர் எதை எடுத்துச் செல்கிறார் என்பதை நாம் பார்ப்பதில்லை.

நம்மைத் தொடும் சான்று ஒன்றைக் கூறுகின்றோம். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் முஸ்லிம் புரோ என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஏற்றியிருந்தனர். நேரத்தையும் திசையையும் கணக்கிட, இருக்குமிடம் தெரிய வேண்டியது இயல்பே. ஆனால் அவ்விவரம் எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு என்னும் செய்தித் தளம் வெளிக்கொணர்ந்தது. செய்தி வெளியானதும் அந்தச் செயலியினர் எக்ஸ்-மோடுடனான தொடர்பைத் துண்டித்துக் கொள்வதாக அறிவித்தனர். வழிபாட்டிடம், மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சென்று வருவோரின் விவரங்களை விற்கக் கூடாதென்று எக்ஸ்-மோடின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. கஅபாவின் திசையை அறியக் கொடுத்த விவரம் எத்திசையெல்லாம் சென்றது என்று பாருங்கள். நோக்கம் ஒன்றாக இருக்க, பயன்பாடு வேறொன்றாக மாறுவதே இக்காலத்தின் பெரிய ஆபத்து.

நம் சகோதரிகளுக்கு நேர்ந்த கொடுமையையும் மறக்க இயலாது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும், பத்திரிகையாளர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் எனப் பலதரப்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களிலிருந்து எடுத்து, ‘ஏலம்’ என்ற பெயரில் செயலிகளில் காட்சிப்படுத்தினர். கைது செய்யப்பட்டவர்களுள் இருபது வயதையொட்டிய மாணவர்களும் இருந்தனர். அப்போது நம்மில் சிலர், பெண்கள் ஏன் படம் போட வேண்டும் என்று கேட்டனர். அக்கேள்வி திருடனை விட்டுவிட்டுப் பொருளுக்கு உரியவரை விசாரிப்பது போன்றது. ஒருவர் தம் நண்பர்க்குக் காட்டிய படம், ஊரார் எடுத்து ஆடுவதற்குத் தரப்பட்ட இசைவு ஆகாது. பெண்ணின் அந்தரங்க உறுப்புகளை இசைவின்றிப் படமெடுத்து வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தகைய கொடுமை நேர்ந்தால் மிரட்டலுக்குப் பணியாமல், குடும்பத்தார் துணை நின்று புகார் அளிக்க வேண்டும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

2023இல் நம் நாடாளுமன்றம் எண்ணிம வடிவிலான தனிமனிதத் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. ஒருவரின் விவரத்தைக் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைத் தெளிவாகக் கூறி இசைவு பெற வேண்டும். அந்நோக்கத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரின் விவரத்திற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பன அச்சட்டத்தின் அடிப்படைகள். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதே வேளை, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக் கொள்ள அகன்ற வழி வைத்துள்ளது என்ற குறையையும் சட்ட அறிஞர்கள் சுட்டிக் காட்டியுள்ளனர்.

நம் பதிவேடுகள்

அன்பிற்குரியவர்களே! நிறுவனங்களையும் அரசையும் கேட்பதற்கு முன் நம் அலுவலக அலமாரியைத் திறந்து பார்ப்போம். குடும்பப் பதிவேடு இருக்கின்றது. நிக்காஹ் தப்தர் இருக்கின்றது. தலாக், குலா தொடர்பான மனுக்கள், கணவன் மனைவி தகராறில் இரு தரப்பும் எழுதித் தந்த வாக்குமூலங்கள், ஜகாத் வேண்டி வந்த விண்ணப்பங்கள், நூற்றுக்கணக்கான ஆதார் ஜெராக்ஸ் படிகள் ஆகியவையும் இருக்கின்றன. ஓர் ஊரின் மகிழ்ச்சியும் கண்ணீரும் அந்த அலமாரியில் உள்ளன. நம்மை நம்பித் தந்த அமானிதங்கள் அவை. நகையை அமானிதமாகத் தந்தால் பூட்டி வைக்கின்றோம். ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதையைத் தந்தால் மேசை மேல் விட்டுச் செல்கின்றோம். அண்மையில் ஒரு குடும்பப் பஞ்சாயத்தில் பேசியதை, அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் கைப்பேசியில் ஒலிப்பதிவு செ்து வெளியே அனுப்பிய செய்தியும் நம் காதுக்கு எட்டியது. சமரசமாக முடிந்திருக்க வேண்டிய வழக்கு அதனால் முறிந்து போயிற்று.

எனவே நிர்வாகக் குழு கீழ்க்காணும் நடைமுறைகளைத் தீர்மானித்து, தங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கின்றது.

1. ஜகாத், கல்வி, மருத்துவ உதவி பெறுவோரின் பெயரோ படமோ எந்தக் குழுவிலும், மலரிலும், அறிவிப்புப் பலகையிலும் வெளியிடப்பட மாட்டாது.

2. குடும்ப வழக்குகளின் விசாரணை அறைக்குள் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. தலைவருக்கும் இந்த விதி பொருந்தும்.

3. ஆதார் படி தேவைப்படும் இடங்களில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு இறுதி நான்கு மட்டும் தெரியும் படியே பெறப்படும். தேவை முடிந்த பழைய படிகள் கிழித்து அழிக்கப்படும்.

4. பதிவேடுகளைப் பார்க்கும் பொறுப்பு இருவருக்கு மட்டுமே. எவர், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்பது தனி நோட்டில் குறிக்கப்படும்.

5. நிகழ்ச்சிகளில் எடுக்கும் படங்களில் பெண்கள், சிறுவர்கள் இடம்பெற்றால் குடும்பத்தாரின் இசைவின்றி அவை வெளியிடப்பட மாட்டா.

கணக்கு மறையுமா?

முதல் தீர்மானத்தைக் குழுவில் விவாதித்தபோது கடுமையான எதிர்ப்பு எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. “பெயரைச் சொல்லாவிட்டால் பணம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஜமாஅத் எப்படி அறியும்? நாளை வேண்டியவர்க்கு மட்டும் கொடுத்துவிட்டு, அந்தரங்கம் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாமே?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தரங்கத்தின் பெயரால் அதிகாரத்தில் இருப்போர் ஒளிந்து கொள்ளும் ஆபத்து உண்மையானதே. 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கும் வழி காட்டுகின்றது. பொறுப்பில் உள்ளவரின் அலுவல் செயல் பொதுவுக்கு உரியது. எளிய குடிமகனின் வாழ்வு அவருக்கே உரியது. ஆகவே நிர்வாகிகளாகிய எங்கள் வரவும் செலவும் முழுமையாக உங்கள் முன் வைக்கப்படும். உதவி பெறுவோரின் பட்டியலை, நிர்வாகத்தில் இல்லாத மூன்று பெரியவர்களைப் பொதுக்குழுவே தெரிவு செய்து, அவர்கள் தணிக்கை செய்து கையொப்பமிடுவர். பெயர்களை அவர்கள் அறிவர். தொகைகளை ஊர் அறியும். இந்த ஏற்பாட்டை அந்த மூத்த உறுப்பினர் ஏற்றுக் கொண்டதோடு, மூவருள் ஒருவராக இருக்கவும் இசைந்துள்ளார்.

வெளிப்படையாகத் தருமம் செய்வது நல்லதே. ஆயினும் மறைத்து ஏழைகளுக்கு வழங்குவது அதனினும் சிறந்தது என்பதே திருமறையின் போதனை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவரின் சிறப்பை நபிமொழி கூறுகின்றது. இதுகாறும் அதனைக் கொடுப்பவரின் மனத்தூய்மைக்கான அறிவுரையாகவே நாம் எண்ணி வந்தோம். வாங்குபவரின் மானத்தைக் காப்பதும் அதனுள் அடங்கியுள்ளது என்பதைக் கைக்குட்டையை மேசையில் வைத்த அந்தத் தாயார் நமக்கு உணர்த்தினார்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் செய்தியையும் படத்தையும் ஒலிப்பதிவையும் அடுத்தவர்க்கு அனுப்பும் முன், இதற்கு உரியவர் நம் எதிரில் நின்றால் அனுப்புவோமா என்று ஒரு கணம் நினையுங்கள். உங்கள் பெற்றோர் கைப்பேசியில் எந்தெந்தச் செயலிக்கு இருக்குமிடம் காட்டும் அனுமதி உள்ளது என்று இன்றே பாருங்கள், தேவையற்றதை நிறுத்துங்கள். வீட்டுச் சாவியை எவரிடம் கொடுத்துள்ளோம் என்று சரிபார்ப்பது போன்ற பணிதான் இது.

நிறைவாக ஒன்று. இந்த மலரின் பிற்பகுதியில் வழக்கமாக இடம்பெறும் உதவி பெற்றோர் பட்டியல் இவ்வாண்டு இல்லை. அவ்விடத்தில் எண்ணிக்கையும் தொகையும் மட்டுமே அச்சிடப்பட்டுள்ளன. அந்த மாணவி இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்துள்ளார் என்பதை மட்டும், அவர் குடும்பத்தாரின் இசைவோடு தெரிவித்துக் கொள்கின்றோம். எந்த வீட்டுப் பிள்ளை என்று எவரும் விசாரிக்க வேண்டாம்.

பிறர் குறைகளை மறைப்போராகவும், ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காப்போராகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.